கடைசிச் செக்கனுக்கு முன்னால்

(ஹெந்தளையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2024 ஜனவரி 25ஆம் திகதி அதிகாலையில், நம்முடைய பகுதியை உரசிக்கொண்டு போகும் கட்டுநாயக்க அதிவேக வீதியில், இராஜாங்க அமைச்சர் சனத் நிஷாந்த பயணித்த ஜீப் ஒரு கண்டெய்னர் லொறியோடு மோதியது. அவரும் அவருடைய மெய்ப்பாதுகாவலரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல நாட்கள் நாட்டில் எல்லாருமே பொறியியலாளர்கள், எல்லாருமே நீதவான்கள். ஜீப் என்ன வேகத்தில் வந்தது, லொறி எந்தத் தடத்தில் போனது, சாரதிக்கு நித்திரை வந்ததா என்று தேநீர்க்கடை வரைக்கும் விசாரணை நடந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு மரணம் நடந்தால் அத்தனை கேள்வியும் கேட்கத்தான் வேண்டும்.

என் முறைப்பாடு வேறு. அதே மாதிரி ஒரு லொறியின் பின் சில்லில் அகப்பட்டு ஒரு சைக்கிள்காரர் இறந்தால் பத்திரிகையில் மூன்று வரி வரும். துவிச்சக்கர வண்டியில் சென்றவர் பலி. சாரதி கைது. மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். அந்த மேலதிக விசாரணை எப்படி முடிந்தது என்று எந்தப் பத்திரிகையிலும் நான் வாசித்ததில்லை. நீங்கள் வாசித்திருந்தால் சொல்லுங்கள்.

அந்த மூன்று வரிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கிற வேலையில்தான் என் உத்தியோக காலம் போனது. காப்புறுதித் துறையில் நட்டஈட்டுக் கோப்புகளைப் படித்தவன் நான். ஆகவே இன்றைய பேச்சில் கொஞ்சம் கோப்பு வாசம் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக வங்கி 2020இல் வெளியிட்ட ஓர் அறிக்கையின்படி, இலங்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 38,000 வீதி விபத்துகள், சுமார் 3,000 மரணங்கள், 8,000 பாரிய காயங்கள். இதில் சைக்கிள்காரர் ஒரு பங்குதான். ஆனால் லொறியும் சைக்கிளும் மோதுகிற விபத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் காயத்தோடு தப்புவது எளிதல்ல. சரக்கு ஏற்றிய பெரிய கண்டெய்னர் லொறி 30 தொன்னுக்கு மேல். ஒரு சைக்கிளும் அதில் இருக்கிற மனிதரும் சேர்ந்தால் 100 கிலோ வராது. முந்நூறு மடங்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஹெந்தளைக்கு வருவோம்.

சரக்குக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பழையது. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயும், 1802இல் ஆங்கிலேயர் வெட்டத் தொடங்கிய ஹமில்டன் கால்வாயும் இந்த வழியாகத்தான் நீர்கொழும்புப் பக்கம் போகின்றன. அந்தக் காலத்தில் சரக்கு தண்ணீரில் போனது. படகு இடித்துச் சைக்கிள்காரர் செத்ததாக வரலாறு இல்லை. சைக்கிளே அப்போது இல்லை, அது வேறு விஷயம்! இன்று அந்தக் கால்வாயில் பாசிதான் பயணம் செய்கிறது. சரக்கு முழுக்க வீதிக்கு ஏறிவிட்டது. கொழும்புத் துறைமுகம் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கு மேற்பட்ட கண்டெய்னர் அலகுகளைக் கையாள்கிறது. பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறுபவை, கரைக்கு வருவது சிறு பங்கு. அந்தச் சிறு பங்கே ஒருகொடவத்தை, பேலியகொடை, வத்தளை என்று களஞ்சியம் களஞ்சியமாக அலைகிறது. முத்துராஜவெல எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து பவுசர்கள் வருகின்றன. திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்திலிருந்து குளிரூட்டிய மீன் லொறிகள். வீடு கட்டுகிறவனுக்கு மணலும் கல்லும் கொண்டுவரும் டிப்பர்கள்.

இதே வீதியில்தான் நம்முடைய சைக்கிள்களும். அதிகாலையில் கடற்கரைப் பக்கம் போகும் மீனவர், லொத்தர் விற்கிறவர், கம்பனி வேலைக்குப் போகிறவர், மட்டக்குளிப் பாலத்தைத் தாண்டிக் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போகிறவர், ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகள். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்காக நின்றோமே, அப்போது பலர் பரணில் கிடந்த சைக்கிளை இறக்கினார்கள். கடையில் சைக்கிள் விலை கேட்டவருக்குத் தலை சுற்றியது. எரிபொருள் திரும்பி வந்ததும் கார்காரர் காருக்குப் போய்விட்டார். பஸ் காசும் மிச்சமாகிறது என்று சைக்கிளிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. இவர்களுக்கு அதிவேக வீதியில் இடமில்லை, அது சரிதான். ஆனால் அந்த வீதி திறக்கப்பட்ட 2013இலிருந்து இன்றுவரை, இவர்களுக்கு என்று ஒரு முழம் அகலத்தில்கூட இந்தப் பக்கத்தில் யாரும் கோடு கீறவில்லை.

இனி, விபத்து எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். குடித்துவிட்டு ஓட்டியது, நித்திரை கொண்டது, பந்தயம் ஓடியது, இவற்றில் யார் பிழை என்று கேட்க ஒரு சொற்பொழிவு தேவையில்லை. நான் சொல்ல வருவது, இரண்டு பேரும் சாதாரணமாக நடந்துகொண்டு ஒருவர் செத்துப்போகிற விபத்தை.

லொறி ஒரு சந்தியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். நீளமான வண்டி, உடனே இடப்பக்கம் ஒடித்தால் பின்பகுதி மூலைக்கடையில் ஏறிவிடும். ஆகவே சாரதி முதலில் வலப்பக்கம் கொஞ்சம் அகட்டி எடுக்கிறார். இடது பக்கத்தில் ஓர் இடைவெளி திறக்கிறது. பின்னால் வரும் சைக்கிள்காரருக்கு என்ன தோன்றும்? லொறி வலப்பக்கம் போகிறது, எனக்கு வழி விடுகிறது. அவர் இடைவெளிக்குள் நுழைகிறார். இப்போது லொறியின் முன்பகுதி இடப்பக்கம் திரும்புகிறது. பின் சில்லுகள் முன் சில்லுகள் போன தடத்தில் போகாது. பல அடி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வீதியோரத்தில் கானும் நிறுத்திவைத்த முச்சக்கரவண்டியும் இருந்தால் சைக்கிள்காரர் விலக வழியே இல்லை. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவிலுள்ள திறந்த இடத்தில் அவர் விழுகிறார்.

சாரதிக்கு இது தெரியவே தெரியாது. நம் நாட்டில் அவர் அமர்வது வலப்பக்கம், ஆறடி உயரத்தில். இடப்பக்கக் கதவின் கீழே, கதவை ஒட்டி நிற்கும் மனிதர் அவருக்கு யன்னல் வழியாகவும் தெரிவதில்லை, கண்ணாடியின் கோணம் கொஞ்சம் பிசகினால் அதிலும் தெரிவதில்லை. சந்தேகம் இருந்தால், நிறுத்திவைத்த ஒரு பெரிய லொறியில், சாரதியிடம் கேட்டு, ஏறி உட்கார்ந்து பாருங்கள். இலண்டனில் பொலிஸார் சைக்கிள்காரர்களை அழைத்து இதையேதான் செய்தார்கள். ஏறியவர்கள் இறங்கும்போது முகம் மாறித்தான் இறங்குவார்கள்.

ஆகவே விசாரணையில் சாரதி சொல்வார்: “ஐயா, நான் ஆளைக் காணவே இல்லை.” பொய்யில்லை. சைக்கிள்காரர் இருந்திருந்தால் சொல்வார்: “எனக்கு முன்னால் வழி இருந்தது.” அதுவும் பொய்யில்லை. அவர்தான் இல்லையே. இங்கேதான் கோப்பு வாசகனாக எனக்கு ஒரு கசப்பு. இந்த வகை வழக்கில் நேரடிச் சாட்சி பெரும்பாலும் ஒருவர்தான், அவர் உயிரோடு இருக்கிறவர். “திடீரென்று குறுக்கே வந்தார்” என்ற வாக்கியம் வாக்குமூலத்துக்கு வாக்குமூலம் திரும்பத் திரும்ப வரும். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கும். எந்த இடத்தில் உண்மை என்று கண்டுபிடிக்க, எதிர்த்தரப்பில் பேச ஆளில்லை.

சைக்கிள்காரருக்கு வக்காலத்து வாங்க மட்டும் நான் இங்கே வரவில்லை. இரவில் விளக்கில்லாமல் போகிறோம். ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் லைசன்ஸ் தகடு இருந்தது, விளக்கில்லாமல் பிடிபட்டால் தண்டப் பணம் கட்ட வேண்டும். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது டைனமோ என்றால் பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியாது. எதிர்ப்பக்கத்தில் வருகிறோம், முன்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு டபிள்ஸ் போகிறோம், காதில் போனை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறோம். ஓடும் லொறியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போகும் பையன்களையும் கண்டிருக்கிறேன். இவை எல்லாம் பிழை. ஆனால் இப்படியான பிழைகளை ஒருவர் ஒழுங்கையில் செய்தால் திட்டு விழும். லொறிக்குப் பக்கத்தில் செய்தால் உயிர் போகும். பிழையின் அளவுக்கும் தண்டனையின் அளவுக்கும் சம்பந்தமே இல்லாத இடம் அது.

சாரதியின் பக்கம் வருவோம். அவரும் நம்மைப் போல் ஒருவர்தான். பெரும்பாலும் லொறி அவருடையதல்ல. பலருக்கு ட்ரிப் கணக்கில்தான் சம்பளம். துறைமுகத்தில் கண்டெய்னர் குறித்த நாளுக்குமேல் கிடந்தால் தாமதக் கட்டணம் ஏறும். அந்தக் கட்டணத்தின் அவசரம் இறக்குமதியாளரிடமிருந்து முகவருக்கு, முகவரிடமிருந்து லொறி முதலாளிக்கு, முதலாளியிடமிருந்து தொலைபேசி வழியாகச் சாரதியின் காலுக்கு இறங்குகிறது. 2025 ஜனவரியில் துறைமுகத்தில் நெரிசல் ஏற்பட்டு லொறிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வரிசையில் இருக்கையிலேயே படுத்துச் சாப்பிட்டு எழும்பியவர், வெளியே வந்ததும் எந்த மனநிலையில் ஓட்டியிருப்பார்? முன்பெல்லாம் இடப்பக்கத்தில் உதவியாள் ஒருவர் இருப்பார். தலையை வெளியே போட்டுப் பார்த்து, கதவில் தட்டி, “மல்லி, ஒதுங்கு” என்று கத்துவார். அந்தக் கத்தல்தான் அன்றைய கமரா. இப்போது நான் காணும் பல லொறிகளில் அந்த இருக்கை காலி. ஒரு சம்பளம் மிச்சம்.

மோதிய பிறகு சாரதி ஓடிவிட்டார் என்றும் செய்தி வரும். ஓடுகிறவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள். கூடுகிற கூட்டம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். நம்முடைய நாட்டில் லொறிகள் எரிந்திருக்கின்றன. பல பேர் ஓடுவது நேராகப் பொலிஸுக்குத்தான்.

இப்போது யார் பிழை? இந்தக் கேள்வியை ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் நாம் தடுமாறுகிறோம் என்பது என் எண்ணம். யாரைத் தண்டிப்பது என்பது ஒன்று. அந்தக் குடும்பத்துக்கு யார் ஈடு செய்வது என்பது இன்னொன்று. அடுத்த சாவை யார் தடுத்திருக்க முடியும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் ஒரே ஆளாக இருக்கத் தேவையில்லை. நாமோ மூன்றையும் சாரதியின் தலையிலோ செத்தவரின் தலையிலோ கட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

தண்டனைக்குச் சட்டம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு: அசட்டையாலோ கவனயீனத்தாலோ மரணம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை சிறை. கவனயீனம் இருந்தால் தண்டிக்கட்டும். ஆனால் சாரதி மறியலுக்குப் போவதால் செத்தவரின் பிள்ளைக்கு ஒரு கொப்பி வராது.

ஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அங்கே, சாரதி கவனயீனமாக இருந்தார் என்று குடும்பம்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் முதலாளியும் பொறுப்பு, கட்டாயக் காப்புறுதி இருப்பதால் பணமும் வரும். நிரூபிப்பதுதான் பிரச்சினை. பழைய ஆங்கில வழக்கு ஒன்று சொல்கிறேன், சட்ட மாணவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கிற வழக்கு. 1842. ஒருவர் தன் கழுதையை முன்கால்களைக் கட்டி வீதியிலேயே மேயவிட்டிருந்தார். மூன்று குதிரை பூட்டிய வண்டி வேகமாக வந்து அதன்மேல் ஏறிக் கொன்றது. கழுதையை வீதியில் கட்டிவிட்டது பிழை, ஐயமில்லை. ஆனாலும் வண்டிக்காரன் கவனமாக வந்திருந்தால் தவிர்த்திருக்கலாம், ஆகவே ஈடு கொடு என்று தீர்ப்பு. டேவிஸ் எதிர் மான் என்று பெயர். நம் சைக்கிள்காரர் பலருக்கு அந்தக் கழுதைக்குக் கிடைத்த நியாயம்கூடக் கிடைத்ததில்லை என்று நான் என் மேசையில் இருந்தபடி நினைத்ததுண்டு.

நம்முடைய சட்டம் 1968இல் ஒரு படி முன்னேறியது. அந்த ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, இரு தரப்பிலும் பிழை இருந்தால் நீதிமன்றம் பங்கு பிரித்து ஈட்டைக் குறைக்கலாம். செத்தவரிடம் பிழை இருந்தது என்பதற்காக வழக்கையே தள்ளத் தேவையில்லை. நல்ல சட்டம். ஆனால் பங்கு பிரிப்பதற்கு முன், சாரதியின் பிழையை முதலில் காட்டியாக வேண்டும். ‘நான் காணவில்லை’ என்பவரிடம் எதைக் காட்டுவது?

இங்கே நமக்கும் ஒல்லாந்தருக்கும் உள்ள சம்பந்தம் வேடிக்கையானது. ஹெந்தளைத் தொழுநோய் ஆஸ்பத்திரி 1708இல் அவர்கள் கட்டியது. திக்கோவிட்டத் துறைமுகம் நம் காலத்தில் நெதர்லாந்தின் நிதியுதவியோடு வந்தது. நான் சொன்ன ஈட்டுச் சட்டத்தின் அத்திவாரமும் அவர்களுடையதே. 1799இல் ஆங்கிலேயர் ஒரு பிரகடனத்தால் உரோம ஒல்லாந்துச் சட்டத்தை இங்கே அப்படியே வைத்துக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, 1809இல், ஒல்லாந்தர் தங்கள் ஊரில் அதைக் கைவிட்டுப் புதுக் கோவைக்குப் போய்விட்டார்கள். நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

அவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? மோட்டார் வாகனம் ஒன்று சைக்கிள்காரரையோ பாதசாரியையோ மோதினால், தவிர்க்கவே முடியாத சம்பவம் என்று வாகனத் தரப்பு நிரூபித்தால் ஒழிய, ஈடு அவர்கள் பொறுப்பு. நிரூபிக்கும் சுமை இடம் மாறிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை இன்னும் உறுதியாக்கியது: பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் முழு ஈடு, அதற்கு மேற்பட்டவர் என்றால், அவரில் பிழை இருந்தாலும் குறைந்தது பாதி. வேண்டுமென்றோ, அதற்கு ஒப்பான அசட்டுத் துணிச்சலோடோ செய்திருந்தால் மட்டும் விலக்கு. இது குற்றத் தீர்ப்பல்ல. சாரதியைக் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. 30 தொன் பாரத்தை மனிதர் நடமாடும் வீதிக்குக் கொண்டுவந்து அதில் இலாபம் பார்க்கிறவர், அந்தப் பாரம் செய்யும் சேதத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்பதுதான்.

“அப்படியென்றால் சைக்கிள்காரர் துணிந்துவிடுவாரே” என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி நட்டஈட்டுக்காக லொறிக்குள் விழுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் மரணங்கள் குறைந்தது இந்தச் சட்டத்தால் மட்டுமல்ல. 1971இல் அங்கே ஏறத்தாழ 3,300 பேர் வீதியில் செத்தார்கள். அதில் 400க்கும் மேல் பிள்ளைகள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள், பிள்ளைக் கொலையை நிறுத்து என்று. அதன்பின் வீதிகளைத் திரும்பக் கட்டினார்கள். இப்போது ஆண்டுக்கு 700ஐ ஒட்டி நிற்கிறது. அந்த 1971இன் எண்ணிக்கையும், நான் முதலில் சொன்ன நம்முடைய எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்று என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பக்கத்தில் இந்தியாவைப் பாருங்கள். மோட்டார் விபத்து நட்டஈட்டுக்கென்றே தீர்ப்பாயங்கள் அங்கே உண்டு. 2019இன் திருத்தத்தின் கீழ், யார் பிழை என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 இலட்சம் இந்திய ரூபா கேட்கலாம். பெரிய தொகை அல்ல, ஆனாலும் செத்தவீட்டுக் கடனை அடைக்கும். நம்மிடம் அப்படி ஒரு தனித் தீர்ப்பாயம் இல்லை.

இனி, தடுத்திருக்க முடியுமா என்ற மூன்றாவது கேள்வி. இதில் நிற்கிற ஆட்கள் விபத்து நடந்த இடத்துக்கே வராதவர்கள். லொறியின் பக்கவாட்டில், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சட்டம் பொருத்தினால் விழுகிறவர் வெளியே தள்ளப்படுவார்; உள்ளே போக மாட்டார். பிரித்தானிய லொறிகளில் இது 1980களிலிருந்தே உண்டு. அமெரிக்காவில் பொஸ்ரன் நகரம் 2014இல், தன்னிடம் ஒப்பந்தம் எடுக்கிற லொறிகளுக்கு இது கட்டாயம் என்றது. நாட்டுச் சட்டம் மாறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை; ‘என் வேலை வேண்டுமென்றால் தடுப்பைப் பூட்டிக்கொண்டு வா’ என்றார்கள், அவ்வளவுதான். நம்முடைய நகரசபையும் பிரதேசசபையும் குப்பை லொறிக்கும் கல் லொறிக்கும் கேள்விப்பத்திரம் கோரும்போது அதில் ஒரு வரி சேர்க்க எந்த அமைச்சரின் அனுமதியும் தேவைப்படாது. இலண்டன் இன்னும் மேலே போய், சாரதியின் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று லொறிகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. 2021 முதல் தகுதி இல்லாத லொறி நகருக்குள் வந்தால் தண்டம். 2024இல் தகுதியை மேலும் உயர்த்தினார்கள். நமக்கு வரும் லொறிகளில் பல வெளிநாட்டில் ஓடிக் களைத்தவை. இறக்குமதி செய்யும் துறைமுகத்திலேயே இரண்டு கண்ணாடியும் ஒரு தடுப்பும் கேட்பதில் என்ன சிரமம்?

வாகன முதலாளிமார் யாராவது இருந்தால் மனதுக்குள் கேட்பீர்கள், காப்புறுதிக் கட்டணம் ஏறுமே என்று. ஏறும். அந்தத் துறையிலிருந்து வந்தவன், மறைக்க மாட்டேன். அது கூலியில் சேரும், கூலி பருப்பிலும் சீமெந்திலும் சேரும், நாம் எல்லாரும் சில சதம் கூடக் கொடுப்போம். இப்போது அந்த முழுத் தொகையையும் ஒரே ஒரு வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சட்டம் மாறுவது எப்போதோ. அதுவரை இருக்கும் சட்டத்தில் ஒரு விஷயம் எல்லார் காதிலும் விழ வேண்டும். இந்த வகை ஈட்டு வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்க நம் காலவிதிப்புச் சட்டம் தரும் காலம் இரண்டு வருடம் மட்டும். நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிரான வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. அந்த வழக்குத் தவணைக்கு மேல் தவணை போகும். முடிகிறபோது இரண்டு வருடம் தாண்டியிருக்கும். செத்தவீட்டுக்கு வந்து ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, கடதாசியில் கையெழுத்து வாங்கிப் போகிறவர்களும் இந்த இரண்டு வருடத்தை நன்றாகத் தெரிந்தவர்கள்.

ஆகவே உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒன்று நடந்தால், அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் அழாத ஒருவர் இருந்து சில வேலைகளைச் செய்யுங்கள். லொறியின் இலக்கத்தையும், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காப்புறுதி விவரத்தையும் படம் எடுங்கள். சைக்கிளை யாரும் எடுத்துப் போகவோ திருத்தவோ விடாதீர்கள். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதே சாட்சி. சந்திக் கடைகளின் கமராப் பதிவை அன்றைக்கே கேளுங்கள், அவை சில நாளில் அழிந்துவிடும். மரண விசாரணையில் தமிழில் வாக்குமூலம் கொடுக்க உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதியதை விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்கென 1978இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் போங்கள். ஆண்டுத் திவசம் வரைக்கும் வைத்திருக்காதீர்கள்.